எழுவாயா, செயப்படுபொருளா? நிகழ்பட விளையாட்டுகளில் பெண் நாயகர்

முன்னுரை

பேச்சு வழக்கில் வீடியோ கேம் என்று சொல்லப்படும் நிகழ்பட விளையாட்டு, இன்று திரைப்படத்தைப் போலவே கதை சொல்லும் ஓர் ஊடகமாக வளர்ந்துள்ளது. சிறுகதையிலும் நாவலிலும் திரைப்படத்திலும் பெண் எவ்வாறு காட்டப்படுகிறாள் என்பது பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் நம் பிள்ளைகள் நாள்தோறும் கையில் வைத்திருக்கும் விளையாட்டுகளைப் பற்றி அவ்வாறு எழுதியவர்கள் குறைவு. 'விளையாட்டுத்தானே' என்று நாம் அதை ஒதுக்கிவிடுகிறோம்.

அவ்வாறு ஒதுக்குவது சரியன்று. கதை படிப்பவர் கதாபாத்திரத்தைப் பார்க்கிறார். விளையாடுபவரோ கதாபாத்திரமாகவே செயல்படுகிறார். அவர் விரல் அழுத்தினால்தான் அவள் ஓடுவாள், தாவுவாள், கதவைத் திறப்பாள். ஆகவே ஒரு விளையாட்டில் பெண் இருக்கிறாளா, அவள் அழகாக இருக்கிறாளா, வாள் ஏந்துகிறாளா என்று மட்டும் பார்ப்பது போதாது. அவளுக்கு எந்த வினை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. பள்ளியில் படித்த இலக்கணமே உதவும். ஒரு தொடரில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றைக் கண்டறிய நாம் கற்றிருக்கிறோம். செயலைச் செய்பவர் யார்? செயல் யாது? யாரைச் செய்கிறார்? இந்த மூன்று வினாக்களையும் சில விளையாட்டுகளிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீட்கப்படுபவள்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1981இல் டாங்கி காங் என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஒரு குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்று உச்சியில் வைத்துக்கொள்கிறது. தச்சன் ஒருவன் உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி ஏறி அவளை மீட்கிறான். அந்தத் தச்சன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மரியோ. அந்தப் பெண்ணுக்குப் பாலின் என்னும் பெயர் பிறகுதான் நிலைத்தது. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டிலும் ஓர் இளவரசி கடத்தப்படுகிறாள், மரியோ மீட்கிறான்.

'மரியோ பாலினை மீட்டான்' என்ற தொடரில் பாலின் செயப்படுபொருள். அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. உச்சியில் நின்று கையை அசைத்து உதவி கேட்கலாம், அவ்வளவுதான். பரிசுக் கோப்பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியது போன்ற அமைப்பு இது.

அந்தத் தொடரை மாற்றி எழுதியவர் ஒருவரும் உண்டு. அமெரிக்க நிரலாளர் மைக் மைக்கா 2013இல், தம் மூன்று வயது மகள் பாலினாக விளையாட விரும்பியதால், டாங்கி காங் நிரலில் மாற்றம் செய்தார். மாற்றப்பட்ட விளையாட்டில் பாலின் ஏறுகிறாள். உச்சியில் மரியோ காத்திருக்கிறான். பீப்பாய்கள் அவையே, ஏணிகளும் அவையே. எழுவாயும் செயப்படுபொருளும் மட்டும் இடம் மாறின. இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு முப்பதாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் ஒரு குழந்தை கேட்ட பிறகு.

பார்க்கப்படுபவள்

பெண் எழுவாயாக வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீர்வதில்லை என்பதை அடுத்த இரண்டு எடுத்துக்காட்டுகள் காட்டும்.

1986இல் வெளியான மெட்ராய்டு விளையாட்டில் உடல் முழுவதையும் மூடிய கவசத்தோடு ஒரு போர்வீரர் வருகிறார். சாமஸ் அரன் என்னும் அந்த வீரர் ஒரு பெண் என்பது இறுதியில்தான் தெரியும். அக்காலத்துக்கு அது பெரும் துணிச்சல். ஆனால் அதைச் சொன்ன முறையில் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர் எவ்வளவு விரைவாக முடிக்கிறாரோ, அவ்வளவு குறைந்த உடையில் சாமஸ் காட்டப்படுவாள். விளையாட்டு முழுவதும் எழுவாயாக இருந்தவள் கடைசித் திரையில் பரிசாகிவிடுகிறாள்.

1996இல் இங்கிலாந்தின் கோர் டிசைன் நிறுவனம் டூம் ரைடர் விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகி லாரா கிராஃப்ட் தொல்லியல் ஆய்வாளர். படித்தவள், அச்சமற்றவள், யாரும் வந்து மீட்கக் காத்திராதவள். ஆயினும் அவளுடைய உடலமைப்பை மிகைப்படுத்தி வரைந்தார்கள். விளம்பரங்கள் அவளுடைய அறிவைவிட உடலையே முன்னிறுத்தின. திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், திரைப்படத்தில் ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைக்கப்படுவதை விளக்கினார். லாரா கிராஃப்ட் செயலில் எழுவாய், பார்வையில் செயப்படுபொருள்.

2013இல் டூம் ரைடர் புதுப்பிக்கப்பட்டபோது எழுத்தாளர் ரியானா பிராட்செட் அதன் கதையை எழுதினார். லாரா இயல்பான உடலோடும் அச்சத்தோடும் வலியோடும் வந்தாள். ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய ஆண்டு, ஆட்டக்காரர்கள் அவளைப் பாதுகாக்க விரும்புவார்கள் என்று அதன் தயாரிப்பாளர் ஒருவர் கூறியது கடும் விவாதத்தை எழுப்பியது. விவாதம் நியாயமானதே. ஆண் நாயகனை இயக்கும்போது 'நான் அவன்' என்று நினைக்கும் ஆட்டக்காரர், பெண் நாயகியை இயக்கும்போது 'நான் அவளுடைய காவலன்' என்று நினைப்பார் என்பது அந்தக் கூற்றின் உட்பொருள்.

இத்தகைய வழக்கங்களை அனிதா சர்கீசியன் 2013 முதல் காணொளித் தொடராக விளக்கினார். அதற்காக அவர் சந்தித்த மிரட்டல்களும் வசைகளும் கொஞ்சநஞ்சமல்ல. விளையாட்டில் பெண் எப்படி வருகிறாள் என்று கேட்பதற்கே ஒரு பெண் இவ்வளவு விலை கொடுக்க நேர்ந்தது என்றால், அந்தக் கேள்வி அற்பமானது அன்று என்பது விளங்கும்.

ராஜி: வரம் பெற்ற வீராங்கனை

இந்தியாவுக்கு வருவோம். புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2020இல் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான சுருதி கோஷ் பெண் கலைஞர். அவ்வாண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில், சிறந்த முதல் படைப்புக்கான பிரிவில் அது பரிந்துரைக்கப்பட்டது.

ராஜி கழைக்கூத்து ஆடும் இளம்பெண். அரக்கர் படை குழந்தைகளைத் தூக்கிச் செல்கிறது. அவள் தம்பி கோலுவும் அவர்களுள் ஒருவன். தம்பியை மீட்க ராஜி புறப்படுகிறாள். துர்க்கை அவளுக்குத் திரிசூலம் தருகிறாள். விஷ்ணு வில் தருகிறார். கதையை இவ்விரு தெய்வங்களும் உரையாடியபடியே நமக்குச் சொல்கின்றனர். பின்னணியில் இராசத்தான் பாணிக் கோட்டைகள், சுவரோவியங்கள், நிழற்பாவைக் கூத்தின் வடிவில் கதைக் காட்சிகள்.

முதலில் இதன் நிறைகள். டாங்கி காங் கதை இங்கே தலைகீழாகிறது. மீட்பவள் பெண்; மீட்கப்படுபவன் ஆண். அவளுடைய உடலைக் காட்சிப்பொருளாக்கும் கோணங்கள் இல்லை. அவள் சுவரில் ஓடுவதும், தூணைப் பற்றிச் சுழன்று எதிரியைத் தாக்குவதும் கழைக்கூத்தில் அவள் பயின்ற வித்தைகளே. தன் தொழிலில் பெற்ற திறமையே அவளுடைய வீரமாகிறது. இது நல்ல கற்பனை.

குறை எங்கே? ராஜிக்கு ஆயுதம் வரமாக வருகிறது. போரிடும் காரணம் தம்பியிடமிருந்து வருகிறது. அவள் கதையைச் சொல்லும் குரல் தெய்வங்களுடையது. இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பிரிப்போம். 'ராஜி போரிட்டாள்' என்பது தன்வினை. 'தெய்வங்கள் ராஜியைப் போரிட வைத்தன' என்பது பிறவினை. விளையாடும்போது முதல் தொடர். கதை சொல்லும்போது பெரும்பாலும் இரண்டாம் தொடர். ராஜிக்கு என்ன ஆசை? தம்பி கிடைத்தபின் அவள் எப்படி வாழ விரும்புகிறாள்? இந்த வினாக்களுக்கு விளையாட்டில் இடமில்லை. அக்கா என்னும் உறவை எடுத்துவிட்டால் அவளைப் பற்றிச் சொல்ல அதிகம் மிஞ்சுவதில்லை.

பிறர் தரும் உதவியைப் பெறுவது இழுக்கா என்று மாணவர்கள் கேட்கலாம். இழுக்கல்ல. எங்கள் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலெட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு இடையே சேர்ந்தபோது, மன்னரின் ஆதரவே கதவைத் திறந்தது. ஆனால் அவர் வரலாறு அந்த அனுமதியோடு முடியவில்லை. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்காக வாதாடினார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானார். அனுமதி பிறர் தந்தது. அதன்பின் வந்த வினைகள் எல்லாம் அவருடையவை. ராஜியின் கதையில் வரத்துக்குப் பின் வரவேண்டிய அந்தப் பகுதிதான் மெலிந்திருக்கிறது.

வெண்பா: அடுப்படியின் நாயகி

இனி நம் மொழியோடு நேரடித் தொடர்புடைய ஒரு விளையாட்டைக் காண்போம். கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் 'வெண்பா'வை வெளியிட்டது. 2024இல் பிரித்தானிய பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதை இது பெற்றது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, தமிழ்ப் பெயர்கள், தமிழ்ச் சமையல். இத்தகைய படைப்பு உலக அரங்கில் பாராட்டப்பட்டது தமிழர் மகிழத்தக்க செய்தி.

1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த இணையர் வெண்பாவும் பாவலனும். அவர்கள் மகன் கவின். மூன்று பெயர்களும் தமிழ் இலக்கிய மணம் வீசுபவை. புதிய நாட்டில் இருவருக்கும் தகுதிக்கேற்ற நிலையான வேலை அமைவதில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று எண்ணும் வேளையில் வெண்பா கருவுற்றிருப்பது தெரிய வருகிறது, அங்கேயே தங்குகிறார்கள். மகன் வளர வளர ஆங்கிலத்துக்குள் போகிறான். வெண்பாவிடம் தன் தாயின் சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அது கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து உணவைச் சமைத்து முடிப்பதே ஆட்டம்.

இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் போகும்? புட்டுக் குழலில் எதை எந்த வரிசையில் இட வேண்டும்? ஆட்டக்காரர் சிந்தித்துச் செய்து பார்க்க வேண்டும். தவறினால் உயிர் போகாது, மீண்டும் முயலலாம். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை.

இவள் நாயகியா? இங்கேதான் பெண்ணியப் பார்வையில் உண்மையான சிக்கல் எழுகிறது. சமையலறை பெண்ணின் உலகத்தைச் சுருக்கிய இடம் என்பது தமிழ்ப் பெண் எழுத்தின் நெடுநாள் குரல். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் கதையை இலக்கிய மாணவர்கள் அறிவர். 2021இல் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படம், சமைப்பதும் துலக்குவதும் முடிவின்றித் தொடர்வதைக் காட்டியே ஒரு திருமணத்தை விசாரித்தது. அப்படியிருக்க, தாய் சமைக்கிறாள் என்பதையே காவியமாக்கும் ஒரு விளையாட்டு, பழைய சங்கிலிக்குப் பொன்முலாம் பூசுகிறதா?

இந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. எனினும் இரண்டு காரணங்களால் வெண்பா அந்தக் குற்றச்சாட்டிலிருந்து பெருமளவு தப்புகிறாள் என்பது என் கருத்து.

முதலாவது, வேலையின் இயல்பு. நம் வீடுகளில் சமையல் வேலை என்று எண்ணப்படுவதில்லை. அது தானாக நடப்பது போல் தட்டில் வந்து விழுகிறது. 'சாப்பாடு ஆயிற்றா?' என்று கேட்கிறோம். 'சமைத்துவிட்டாயா?' என்பதைவிட அதில் எழுவாய் மறைந்திருக்கிறது. வெண்பா விளையாட்டு அந்த எழுவாயை வெளியே கொண்டுவருகிறது. எதை முதலில் இடுவது, எவ்வளவு நேரம், எந்தப் பாத்திரம் என்று ஒவ்வொரு படியும் ஒரு முடிவு என்பதை ஆட்டக்காரர் உணர்கிறார். எழுதப்படாத, சம்பளமில்லாத, பெண்கள் வழியாகவே கைமாறிய ஓர் அறிவு அது என்பதைச் சொற்பொழிவு இல்லாமல் புரியவைக்கிறது.

இரண்டாவது, செய்பவர் யார் என்பது. வெண்பாவாகச் சமைப்பவர் ஆட்டக்காரர். அவர் வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத பையனாக இருக்கலாம். ஒரு கட்டத்தில் கதைக்குள்ளும் குறிப்பேடு மகன் கவின் கைக்கு வருகிறது. தாய்மொழியைத் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டு அவன் சமைக்கிறான். 'அம்மா சமைத்தாள்' என்ற தொடர் 'மகன் சமைத்தான்' என்று மாறும் இடம் அது. பெண்ணின் கையில் வாளைக் கொடுப்பது ஒரு வகைச் சமத்துவம். ஆணின் கையில் கரண்டியைக் கொடுப்பதும் சமத்துவமே. இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

ஆயினும் குறை இல்லாமல் இல்லை. வேலை தேடுவது, தனிமையைத் தாங்குவது, கணவன் மறைந்தபின் தாயகம் திரும்ப முடிவெடுப்பது எல்லாம் வெண்பாவின் வாழ்வில் நிகழ்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் உரையாடலாகக் கடந்துபோகின்றன. ஆட்டக்காரரின் விரலுக்கு வரும் முதன்மையான வினை சமைப்பது ஒன்றே. அவள் வாழ்க்கையின் பெரிய முடிவுகளை நாம் கேட்கிறோம். சிறிய அடுப்படி முடிவுகளை மட்டும் செய்கிறோம். அவளுடைய துயரத்தின் அளவுகோலும் மகன் அருகில் வருகிறானா விலகுகிறானா என்பதாகவே பெரிதும் அமைகிறது. ராஜிக்குத் தம்பி என்றால் வெண்பாவுக்கு மகன். உறவின் வழியாக மட்டுமே பெண்ணின் வீரத்தை எண்ணிப் பார்க்கும் நம் பழக்கம் இரண்டிலும் தெரிகிறது.

புதுக்கோட்டைச் சைக்கிள் தரும் பாடம்

புதிய வினை ஒன்று பெண்ணின் கைக்கு வரும்போது என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சான்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியும் சேர்ந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் தந்தார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 'லேடீஸ்' சைக்கிள் போதாதபோது பெண்கள் 'ஜென்ட்ஸ்' சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அந்தப் பெண்கள் யாரையும் மீட்கவில்லை, வாள் எடுக்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடும் சந்தைக்குப் போகும் சரக்கோடும் பிள்ளையோடும் மிதித்தார்கள். பேருந்துக்காகவும், அழைத்துப் போக வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமானது. 'அவளை அழைத்துப் போனார்கள்' என்ற தொடர் 'அவள் போனாள்' என்று ஆனது. தாய் என்னும் உறவை அவர்கள் விடவில்லை. ஆனால் அந்த உறவுக்கு அப்பாலும் போக ஒரு வழி கிடைத்தது. ராஜியிலும் வெண்பாவிலும் நான் தேடிக் காணாதது இந்த வழியைத்தான்.

நம் வரலாற்று நாயகியரை விளையாட்டாக்க விரும்புவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1772இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பின், வேலு நாச்சியார் விருப்பாச்சியில் தங்கி, கோபால நாயக்கரின் ஆதரவைப் பெற்று, ஹைதர் அலியின் உதவியை நாடி, படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டாண்டுகளை ஒதுக்கிவிட்டு இறுதிப் போரின் வாள்வீச்சை மட்டும் ஆட்டமாக்கினால், அரசியல் அறிந்த ஒரு தலைவியை வெறும் வாள்வீச்சுக்காரியாகச் சுருக்கிவிடுவோம். தூது அனுப்புவது, நட்பைத் தேர்வது, காத்திருப்பது, நம்புவது, சந்தேகிப்பது ஆகியவையும் ஆட்டக்காரர் செய்ய வேண்டிய வினைகளாக வர வேண்டும்.

முடிவுரை

பெண் நாயகர் வரும் விளையாட்டுகள் இன்று பெருகியுள்ளன. எண்ணிக்கை மகிழ்ச்சி தருவதே. ஆனால் எண்ணிக்கை மட்டும் மதிப்பீடு ஆகாது. கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாடும் மாணவர்கள், பெண் உருவைத் தேர்ந்தாலும் ஆண் உருவைத் தேர்ந்தாலும் ஓட்டமும் சூடும் ஒன்றே என்பதை அறிவார்கள். அங்கே உருவம் மாறுகிறது, தொடர் மாறுவதில்லை. அதே ஆட்டத்தில் ஒலிவாங்கியில் பெண் குரல் கேட்டதும் கேலி தொடங்குகிறது என்றால், திரையில் உள்ள பெண்ணுக்குக் கிடைத்த இடம் விளையாடும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள்.

ஆகவே அடுத்த முறை விளையாடும்போது மாணவர்கள் நான்கு வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். இவள் எழுவாயா, செயப்படுபொருளா? இவளுக்குத் தரப்பட்ட வினைகள் எவை? இவள் செய்கிறாளா, செய்ய வைக்கப்படுகிறாளா? தம்பி, மகன், கணவன் என்னும் உறவுகளை எடுத்த பின்பும் இவளைப் பற்றிச் சொல்ல ஒரு தொடர் மிஞ்சுகிறதா?

ராஜி முதல் வினாவில் தேறுகிறாள்; மூன்றாவதில் தடுமாறுகிறாள். வெண்பா முதல் மூன்றிலும் தேறுகிறாள். இரண்டாவதில் அவளுக்குக் கிடைத்த வினை ஒன்றே என்பது குறை. இரண்டு படைப்புகளையும் ஒப்பிட்டால், திரிசூலம் ஏந்தியவளைவிட இட்லித் தட்டு ஏந்தியவளே எனக்குப் பெரிய நாயகியாகத் தெரிகிறாள். காரணம், அவளுடைய ஆற்றல் அவளுடையது. அதை அவள் நம் கைக்கும் மாற்றித் தருகிறாள். நான்காம் வினாவுக்கும் முழுமையாக விடை சொல்லும் தமிழ் விளையாட்டு இனிமேல்தான் வர வேண்டும். அதை உருவாக்கப் போகிறவர் இன்று நிரலாக்கம் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவியாக இருக்கலாம். அவளுக்கு வீட்டில் கணினியின் முன் உட்கார நேரம் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் சமைப்பவர் அவள் அண்ணனாக இருந்தால் இன்னும் நல்லது.